உப்புத் தின்ற மேகம்

எங்கள் அளத்தில் மாசி பிறந்து உப்பு விளையத் தொடங்கினால் புரட்டாசி முடிகிறவரை ஒரு சொல்லை யாரும் வாய் தவறியும் சொல்ல மாட்டோம், ஏனென்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது வந்துவிடும், வந்தால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து இருபது நாளைக்கு நாற்பது பேருக்கு வேலை இல்லாமல் போகும், ஆகவே வானத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'அவிய' என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வோம், அவிய ராமநாதபுரம் பக்கம் வந்திருக்காவளாம், அவிய இந்த வருசம் முந்திருவாவளோ என்று, நம் வீட்டுக்கு வராமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் பேசுவது போல. இப்படிப்பட்ட அளத்தில், ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்களில் ஒருத்தியான செல்லக்கனியின் தலைக்கு மேல் ஒரு மேகம் வந்து நின்றது.

பெரிய மேகம் என்று சொல்ல முடியாது, இரண்டு பேர் படுக்கிற பாய் அளவுதான் இருக்கும், நிமிர்ந்து, உப்பு இழுக்கிற வாருபலகையை உயர்த்தினால் தொட்டுவிடலாம் போன்ற உயரத்தில் நின்றது, வயிறு உருண்டையாக இருந்தது, ஓரம் முழுக்கக் கறுப்பு மையால் கோடு இழுத்துவிட்டது போல் ஒரு வரம்பு இருந்தது. செல்லக்கனி அண்ணாந்து பார்த்து, "கொழுக்கட்டை, வந்துட்டியா" என்று கேட்டுவிட்டு, குனிந்து பாதியில் விட்ட உப்பை வரப்புக்கு இழுக்க ஆரம்பித்தாள். அவள் நகர்ந்தால் மேகமும் நகர்ந்தது, அவள் நின்றால் நின்றது. நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்தோம், பிறகு வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய பாத்திகள் கிடந்ததால் எங்கள் வேலையைப் பார்க்கப் போனோம்.

கொழுக்கட்டை யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு அவள் ஒரு வருடமாக அதைச் சொல்லியே எங்கள் காதைத் துளைத்திருந்தாள். போன ஆனியில் இடது கண்ணில் சதை வளர்கிறது என்று டவுன் கண்ணாஸ்பத்திரிக்குப் போனவள், அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்த இடத்தில், சுவரில் மாட்டியிருந்த டிவியில் ஒரு பொம்மைப் படம் பார்த்திருக்கிறாள். எந்த நாட்டுப் படமோ, தமிழில் பேசவிட்டிருந்தார்கள், பேசவிட்ட புண்ணியவான் அதில் வருகிற ஒரு குட்டி மேகத்துக்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்திருந்தான். மற்ற மேகமெல்லாம் பெய்து பெய்து காணாமல் போவதைப் பார்த்துப் பயந்த அந்த மேகம், நான் பெய்யவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, தீவில் தனியாக இருக்கிற ஒரு கலங்கரை விளக்கக் காவல்காரனோடு ஒட்டிக்கொள்கிறது, அவன் போகிற இடமெல்லாம் போகிறது, அவன் வெயிலில் வலை பின்னினால் குடை பிடிக்கிறது, நாளாக நாளாக உடம்பு கனத்துக் கறுத்து மூச்சு முட்டுகிறது, காவல்காரன் ஒரு நாள் காலையில் அண்ணாந்து அதைப் பார்க்கிறான். அந்த இடத்தில் நர்ஸ் வந்து செல்லக்கனியைக் கூப்பிட்டுவிட்டாள்.

உள்ளே டாக்டர், வெள்ளையை வெறித்துப் பார்க்கிற வேலையை விடுங்கள், இல்லாவிட்டால் நிழலில் இருந்து செய்யுங்கள், இப்படியே போனால் இரண்டு வருடத்தில் இடது கண் தெரியாது, பின்னாலேயே வலதும் போகும் என்று சொன்னார். அளத்தில் நிழலில் வேலை செய் என்பது மீன்காரியைத் தண்ணீரில் கை வைக்காதே என்பது போல. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது, மேலே வெயில், கீழே வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிற உப்பு. கறுப்புக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அது கால் மணி நேரத்தில் வியர்வையும் உப்புமாகப் படிந்து சுண்ணாம்பு அடித்த ஜன்னலாகிவிடும், அவள் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம், மகள் ஷீலா திருப்பூரில் பனியன் கம்பெனியில், வேறு வேலை தெரியாது, கண் போனால் இந்த வேலையும் இல்லை. டாக்டர் சொன்னதை அவள் எங்களிடம் ஒரு தடவைதான் சொன்னாள், படத்தின் கதையைத்தான் நூறு தடவை சொன்னாள்.

ஷீலா பொங்கலுக்கு வந்தபோது எப்படியோ தேடிப் பிடித்து அந்தப் படத்தை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். படத்தின் பெயரே 'மழையாக மாட்டேன்' என்பதால் அளத்தில் அதைச் சொல்ல முடியாமல் செல்லக்கனி 'அவியளாக மாட்டேன்' என்று சொல்லி, எங்களைச் சிரிக்க வைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பாள், சரியாகக் காவல்காரன் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் நிறுத்திவிடுவாள்.

"மிச்சத்தையும் பாரேன் ஏளா, இன்னும் பத்து நிமிசந்தான் கெடக்கு" என்பாள் அந்தோணியம்மாள்.

"வேண்டாம். முடிவு தெரியாதவரைக்கும் அது இருக்கும்லா."

அதனால் மேகம் வந்ததில் எங்களுக்கு ஆச்சரியத்தைவிடப் பொறாமைதான் அதிகம், இத்தனை பாத்தியில் அவள் பாத்தியில் மட்டும் நிழல் விழுந்ததே என்று. சண்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது: படத்தில் மேகத்துக்கு இரண்டு கண் உண்டு, இதற்கு இல்லை, எனவே இது வேறு ஏதோ மேகம் என்று ஒரு கட்சி, கண் இருந்தால் இந்த வெளிச்சத்தில் அதுவும் கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் வைக்காமல் வந்திருக்கிறது என்று இன்னொரு கட்சி. கங்காணி தவசிமுத்து அண்ணாச்சி வரப்பில் நின்று மேகத்தை மேலும் கீழும் பார்த்தார், புது ஆளை வேலைக்குச் சேர்க்கும்போது பார்க்கிற பார்வை.

"செல்லக்கனி, இது அவிய வீட்டு ஆளுதான?"

"ஆமா அண்ணாச்சி. ஆனா இது அவிய செய்யிற வேலையச் செய்யாது. செய்ய மாட்டேன்னுதான் வந்திருக்கு."

"ஒரு சொட்டு விழுந்துச்சின்னா ரெண்டு பேரும் வெளிய" என்றார் அண்ணாச்சி, அத்தோடு அது அளத்தில் சேர்ந்துவிட்டது.

ஊரும் பழகிக்கொண்டது. டவுன் பஸ்ஸில் அவள் ஏறினால் மேகம் கூரைக்கு மேலே வரும், முதல் நாள் கண்டக்டர் இறங்கி நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராத வரைக்கும் டிக்கெட் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கருவாடு காயப்போடுகிறவர்கள், ஆத்தா அந்தப் பக்கமா நடந்து போ என்று கெஞ்சுவார்கள், அவளும் சுற்றிக்கொண்டு போவாள். மேலத்தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பெண் அழைப்பு உச்சி வெயிலில் என்பதால் மேகத்தை அனுப்பி வை என்று கேட்டார்கள், அவள் இல்லாமல் அது வராது என்று தெரிந்து அவளையும் அழைத்தார்கள், முன்பின் தெரியாத வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஆடி பிறந்தபோது அவள் இடது கண்ணில் சிவப்பு குறைந்திருந்தது, காலையில் எழுந்ததும் கண்ணில் மணல் கொட்டியது போல் இருக்கிற அரிப்பு இல்லை என்றாள், வருடக்கணக்காகச் சுருங்கியே கிடந்த முகம் விரிந்து, இவள் இவ்வளவு அழகா என்று நாங்களே கேட்டுக்கொண்டோம்.

தப்பு செய்தது நாங்கள்தான். ஆடிக் காற்று கடலில் இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காலம், ஒரு நாள் வாருபலகையால் மேகத்தின் அடியைத் தொட்டு, பலகையில் விரல் வைத்துப் பார்த்த அந்தோணியம்மாள், நசநசவென்று இருக்கிறதே, இது ஈரம் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள், கேட்டவளே வழியும் சொன்னாள். ஈரத்தை எடுக்க உப்பைவிட வேறென்ன இருக்கிறது? பீரோவில் துணி பூசணம் பிடிக்காமல் இருக்க நாங்கள் உப்பைத்தான் முடிந்து போடுகிறோம், பிறந்ததிலிருந்து உப்பு தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? பொடி உப்பாக ஒரு கை அள்ளி மேகத்துக்குள் வீசினாள். மறுநாள் இன்னொருத்தி வீசினாள். பிறகு கோயிலில் விபூதி எடுப்பது போல, அந்தப் பக்கம் போகிற வருகிற நாற்பது பேரும் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு கை வீசிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது, எல்லாம் அதன் நல்லதுக்கு.

மேகம் பெரிதானது. ஒரு வாரத்தில் மாட்டுவண்டி அளவு, அடுத்த வாரத்தில் லாரி அளவு, நிழலில் ஐந்து பேர் வாரினோம், பிறகு பத்துப் பேர், பிறகு பதினைந்து. உண்மையைச் சொன்னால், பதினெட்டு வருடமாக இந்த அளத்தில் நிற்கிற எனக்கு முதுகில் வெயில் இல்லாமல் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, வரப்பில் நின்று அழுதேன். அதனால் மேகத்தின் வயிறு சாம்பல் நிறமானதையும், ஓரத்துக் கறுப்புக் கோடு நனைந்த காகிதத்தில் மை ஊறுவது போல் கலைந்ததையும் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தோம். செல்லக்கனி மட்டும் பார்த்தாள். படத்தில் அடுத்து என்ன வரும் என்று எங்களில் அவளுக்குத்தான் தெரியும், அது வரைக்கும் மட்டும்தான் தெரியும்.

பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்க வாரம் ஒருமுறை வருகிற நர்மதா, ஆபீஸ் பெண், எம்.எஸ்ஸி. வரை படித்தவள், நான் உப்பு வீசுவதைப் பார்த்துக் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னக்கா செய்யிதிய?"

"ஈரம் எடுக்கோம்."

"ஐயோ அக்கா, கடல்ல இருந்து பறக்குற உப்புத் தூளப் புடிச்சித்தான் மேகமே உண்டாவுது. நீங்க அதுக்குச் சோறு போட்டிருக்கிய."

அந்தோணியம்மாள் கையில் மிச்சமிருந்த உப்பைச் சேலையில் துடைத்தாள். தலைக்கு மேல் லாரி அளவுக்கு நின்ற எங்கள் பாசம் ஒரு தடவை குலுங்கியது, விக்கல் எடுத்தது போல.

விஷயம் முதலாளி வரைக்கும் போனது. வாரிய உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் ஆறு மாத உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது, மூடுகிற ஓலைக் கிடுகு புரட்டாசியில்தான் வரும். சாயங்காலம் கங்காணி அண்ணாச்சி செல்லக்கனியின் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே பேசினார்.

"நாளைக்கு வேட்டு வச்சிக் கலைக்கச் சொல்லிட்டாரு. எனக்குப் புடிக்கல. ஆனா நாப்பது வீட்டு அடுப்பு இருக்கு பாத்துக்கோ."

"வேட்டு வைக்காண்டாம் அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. "நாங் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?"

"ஊருணிக்கு."

எங்கள் ஊருணி அளத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர், மூன்று வருடமாக ஆடு மேய்கிற இடம், குடிக்கிற தண்ணீர் லாரியில்தான் வருகிறது. மறுநாள் காலையில் அவள் கறுப்புக் கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டாள், மேகம் மேலே தள்ளாடியது, அவள் அண்ணாந்து, "பையப் பைய, அவசரமில்ல, குலுங்காம வா" என்று நிறைமாதக்காரியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது போலப் பேசிக்கொண்டே நடந்தாள். அந்தோணியம்மாள் பலகையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் போனாள். நான் போனேன். கொஞ்ச நேரத்தில் நாற்பது பேரும் ரோட்டில் இருந்தோம், தடுக்க வந்த அண்ணாச்சியும் கூட்டத்தோடு நடந்தார், எதிரே வந்த டவுன் பஸ் ஓரமாக ஒதுங்கி என்ஜினை நிறுத்திக்கொண்டது, கண்டக்டர் இறங்கி நின்று கும்பிட்டார். வழி நெடுக ஒரு சொட்டு விழவில்லை.

ஊருணியின் நடுவில், வெடித்த களிமண்ணில் அவள் உட்கார்ந்தாள். நாங்கள் கரையில் நின்றோம்.

"எறக்கி வையி" என்றாள். "போதும். இம்புட்டுப் பாரத்த எவ்வளவு நாளைக்குத் தூக்குவ."

மேகம் நடுங்கியது, பெய்யவில்லை. கறுத்துப் போய், கோடெல்லாம் அழிந்து, மூச்சுத் திணறிக்கொண்டு, அவளுக்குச் சரியாக மேலே நின்றது. கால் மணி நேரம் ஆயிற்று. கங்காணி அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை, "பெய்யச் சொல்லும்மா, மழையாப் பெய்யச் சொல்லும்மா" என்று கத்தினார், ஆடி மாதத்தில் அவர் வாயால் அந்தச் சொல் வந்ததை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

செல்லக்கனிக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும், அது பயந்துகொண்டு பிடித்து வைத்திருக்கவில்லை, அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறது என்று. அவள் எழுந்தாள். அந்த நிழலை விட்டு வெளியே நடந்தாள், மேகம் பின்னாலேயே வந்தது, திரும்பி உள்ளங்கையைக் காட்டி நில் என்றாள், அது நின்றது. பத்தடி தள்ளி வெயிலில் போய் நின்று, தலைத்துண்டை அவிழ்த்தாள், முகத்தைத் தூக்கி, இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து சூரியன் பக்கம் பார்த்தாள்.

"பாத்தியா, ஒண்ணும் செய்யல" என்றாள். "எனக்கு வேண்டாம். நீ போ."

பொய் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், கண்ணீர் தாரையாக ஓடியது, அது வெயிலுக்கா வேறெதற்கா என்று நாங்கள் கேட்கவில்லை. மேகத்துக்குத் தெரிந்ததோ என்னவோ, அது இறக்கி வைத்தது.

பதினோரு நிமிடம் பெய்தது, ஊருணிக்குள் மட்டும், கரையில் நின்ற எங்கள் மேல் ஒரு தூறல்கூட இல்லை. செல்லக்கனி ஓடிப்போய் நடுவில் நின்று முழுக்க நனைந்தாள். பெய்து முடிந்தபோது முழங்கால் அளவு தண்ணீரும், அதற்கு மேலே ஒன்றுமில்லாத நீல வானமும் இருந்தன. அள்ளிக் குடித்துப் பார்த்தோம், லேசாக உப்புக் கரித்தது, எங்கள் அளத்து உப்புதான், ருசி தெரியாதா. குடத்தில் மொண்டுகொண்டு போனோம், அன்றைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் சோற்றுக்கு உப்புப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனி தானாகவே, முடிவைப் பார்க்கலாம் என்றாள். அந்தோணியம்மாள் வீட்டு டிவியில் போனை இணைத்து ஓட்டினோம், உள்ளே இடம் பிடிக்காமல் ஜன்னலில் பாதிப் பேர். காவல்காரன் அண்ணாந்து பார்க்கிற இடம் வந்தது, செல்லக்கனி நிறுத்தவில்லை. காவல்காரன் ஒரு பெரிய துணியால் மேகத்தைத் துவட்டுகிறான், மேகம் பழையபடி வெள்ளையாகிறது, இரண்டு பேரும் படகில் ஏறி உலகம் சுற்றப் போகிறார்கள், கடைசிவரை கொழுக்கட்டை பெய்யவே இல்லை, ஒரு பாட்டுப் பாடிப் படம் முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் அந்தோணியம்மாள். அவளுக்குக் கோபம். "துணியால துடச்சா போச்சா? அந்த மேகத்துக்கு என்ன தெரியும், வெறும் பவுசுதான்."

எனக்கு வேறு பயம். இதை முன்னாலேயே பார்த்திருந்தால் என்று இவள் நினைப்பாளே, இருக்கிற சேலையெல்லாம் கொண்டு துவட்டி வைத்திருப்பேனே என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாளே என்று அவள் முகத்தைப் பார்த்தேன். செல்லக்கனி போனைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேள முன்னாடியே பாக்கல" என்றாள். "பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

திங்கட்கிழமை அளத்தில் வெயில் வழக்கம்போல் ஏறியது. செல்லக்கனி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள், பழைய சுருக்கமெல்லாம் அவள் முகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தோணியம்மாள் தன் பாத்தியைத் தாண்டி வந்து, அவளுக்குக் கிழக்கே ஒரு வரப்பில் பலகையோடு நின்றாள், அவள் நிழல் நீளமாக விழுந்து செல்லக்கனியின் முகத்தை மூடியது.

"ஏளா, உம் பாத்தி அங்கனல்லா கெடக்கு."

"கெடக்கட்டும். நீ வாரு."

நான் அந்தோணியம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், இன்னும் மூன்று பேர் வந்தார்கள், பலகைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கங்காணி அண்ணாச்சி தூரத்திலிருந்து, கல்யாணப் பந்தியா நடக்கு, ஆளுக்கொரு பாத்திக்குப் போங்க என்று சத்தம் போட்டார், போட்டுவிட்டு வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, வெள்ளை வேட்டியோடு அவரும் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். பத்து மணிக்கு மேல் நிழல் குட்டையாகிக்கொண்டே போகும், அதனால் நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவளை நெருங்கிக்கொண்டே போனோம்.